ஒன்பது முட்டையும் கூமுட்டையானது ஏன்? கிளி வளர்ப்பில் இறங்க நினைக்கும் வாசகிக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதமும் மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார். கணவர் தையற்கடை நடத்துகிறார். பள்ளியில் படிக்கும் மகளும் மூச்சிரைப்பு உள்ள மாமியாரும் உடன் இருக்கிறார்கள். வீட்டின் பின்புறம் சிமென்ட் அட்டை வேய்ந்த தாழ்வாரத்தில்தான் பறவைக் கூண்டுகள் இருக்கின்றன. மகள் ஆசைப்பட்டதால் பொள்ளாச்சிப் பக்கம் வாங்கிய ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' சென்ற சித்திரையில் மூன்று குஞ்சுகள் பொரித்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் மூன்றும் இறந்துவிட்டன. பிறகு வாங்கிய 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' ஜோடி ஒன்பது முட்டைகள் இட்டு, இரண்டுமே மாறி மாறி அடை உட்கார்ந்தும் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை.

இந்த நிலையில் பறவை வியாபாரி ஒருவர், பத்து ஜோடி ஆப்பிரிக்கன் வைத்தால் மாதம் 30,000 ரூபாய் கிடைக்கும், குஞ்சுகளைத் தானே தலைக்கு 1,000 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நகையை அடகு வைக்க மனமிருந்தால் ஆப்பிரிக்கன் கிரே கிளி ஜோடி ஒன்றும் தருவாராம். போதாக்குறைக்கு, பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சுகள் இரண்டை மலிவாகத் தருவதற்கு ஊர்க்காரர் ஒருவரும் முன்வந்திருக்கிறார். எதை வாங்கலாம், உரிமம் வேண்டுமா, முட்டை ஏன் பொரிக்கவில்லை, எடுத்துப் போட்டுவிடலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பணக் கணக்கில் தொடங்கி முட்டைக் கணக்கில் கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். நான் முட்டையிலிருந்து தொடங்குகிறேன்; ஏனென்றால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நான்கு பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாமல் ஐந்தாவது பறவையை வாங்குவது சரியல்ல.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லாரும் சொல்வது உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜி கிளியை. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதனால்தான் கடைக்காரர்கள் 'ஆப்பிரிக்கன்' என்ற அடைமொழியைச் சேர்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு இனங்கள். அவற்றின் உணவு, அடைகாலம், ஆண் பெண் அறியும் முறை ஆகியவை மட்டுமல்ல, பின்னால் சொல்லப்போகும் சட்ட நிலையும் வேறு. உங்களுக்கு நேர்ந்த இரண்டு இழப்புகளுக்கும் காரணங்கள் வேறு வேறாக இருப்பதும் அதனால்தான்.

ஒன்பது முட்டைகளின் கதை

படத்தில் உள்ள ஆப்பிரிக்கன் பறவைகள் இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறது. அவை ஃபிஷர் வகை. இந்த வகையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பெட்டை பொதுவாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒரே கூண்டில் ஒன்பது முட்டைகள் சேர்ந்து, இரண்டு பறவைகளும் மாறி மாறி அடை உட்கார்ந்து, அத்தனையும் கூமுட்டையாகப் போனால் பெரும்பாலும் அங்கே இருப்பவை இரண்டும் பெட்டைகள் என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டு பெட்டைகள் ஒன்றையொன்று கோதிவிடும், இரை ஊட்டும், ஒன்றாக உறங்கும். பார்ப்பவருக்குப் பொருத்தமான ஜோடியாகத்தான் தோன்றும். இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்து வியாபாரி உறுதி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது முட்டையிடும் பருவத்தில் ஓரளவு உதவும் குறிப்பு மட்டுமே, அதை நம்பி விலை கொடுக்க முடியாது. நெஞ்சுப் பகுதியிலிருந்து பிடுங்கிய நான்கைந்து சிறகுகளை மரபணுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் விடை கிடைத்துவிடும். கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் சிறகு அதற்கு ஆகாது.

முட்டைக்குள் கரு இருக்கிறதா என்பதையும் நீங்களே பார்க்கலாம். அடை உட்கார்ந்த ஏழாம் நாளுக்கு மேல், இருட்டில் சிறிய டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அடியில் பிடித்தால், கரு உள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் வலைபோலப் படர்ந்திருக்கும்; கூமுட்டை மஞ்சளாகத் தெளிந்து தெரியும்.

மூன்று குஞ்சுகள் இறந்தது எதனால்?

இதை எழுதும்போது உங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்பது தெரிகிறது. 'மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்' என்று கேள்விப்பட்டதால், முட்டையிடக் கூண்டில் கட்டிய பானையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்கிறீர்கள். அது நல்லெண்ணத்தில் செய்த தவறு. கூண்டில் வளரும் இந்தச் சின்னக் கிளிகள் மோப்பத்தை நம்பிக் குஞ்சைப் பேணுவதில்லை. மனித வாடைக்காக ஒதுக்குவதும் இல்லை. அடிக்கடி தொந்தரவு செய்தால் பெட்டை மிரளும் என்பது உண்மைதான். ஆனால் நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், பெட்டை இரை தின்ன வெளியே வரும்போது பானைக்குள் பார்ப்பது கட்டாயம். குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை உப்பியிருக்கிறதா, பானையின் அடிப்பகுதி ஈரமாகிவிட்டதா, கால்கள் இருபுறமும் விரிந்துபோகின்றனவா என்ற மூன்றையும் பார்த்திருந்தால் மூன்றாம் நாளிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும்.

கடிதத்தில் இருப்பதை வைத்து நான் ஊகிக்கும் காரணங்கள் மூன்று. ஒன்று வயது: ஐந்து மாதப் பறவைகளை வாங்கி வந்த அன்றே பானையைக் கட்டியிருக்கிறீர்கள். பட்ஜி அந்த வயதிலேயே முட்டையிடும் என்றாலும், குஞ்சைப் பேணும் பக்குவத்துக்கு அதன் உடல் வருவதற்குள் ஓராண்டு ஆகிவிடும். இரண்டாவது தீனி: வெறும் கம்பும் சூரியகாந்தி விதையும் வயிற்றை நிரப்பும், குஞ்சை வளர்க்காது. மூன்றாவது, சித்திரை வெயிலில் சிமென்ட் அட்டைக்கு நேர் கீழே தொங்கிய பானை. அட்டையின் அடியில் நடுப்பகல் சூடு எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு வெப்பமானியை அங்கே தொங்கவிட்டுப் பாருங்கள். நீங்களே பானையை இடம் மாற்றிவிடுவீர்கள்.

நோயும் காரணமாக இருந்திருக்கலாம். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் குஞ்சுகளைப் புதைத்துவிட்டீர்கள். இனி அப்படி நேர்ந்தால் இறந்த குஞ்சை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, அன்றே மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். உறைய வைத்துவிட்டால் திசுக்கள் கெட்டு, பிரேதப் பரிசோதனையால் பெரிய பயன் இருக்காது. உங்கள் ஊராட்சியிலேயே கால்நடை மருத்துவமனை இருக்கும். பறவை நோயில் தேர்ந்தவர் வேண்டுமானால் மண்ணுத்தியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு இப்பால் உடுமலைப்பேட்டையில் தமிழ்நாட்டின் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு இரண்டுமே எட்டும் தூரம்தான்.

பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம்

உங்கள் தாத்தா காலத்தில் வீட்டில் பச்சைக்கிளி இருந்தது, கிளி ஜோசியக்காரர்கள் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள், 'நாம் பெருக்கினால் அந்த இனத்துக்கு நல்லதுதானே' என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கம் பழையது என்பது உண்மை, சட்டம் அதற்கு விலக்குத் தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. 'தமிழ்நாட்டில்தான் கெடுபிடி, கேரளத்தில் ஒன்றும் செய்யமாட்டார்கள்' என்பது எல்லையோர வதந்தி. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச் சிறகுக் கிளியும், செந்தலைக் கிளியும், பெரிய பச்சைக்கிளியும் அவ்வாறே பாதுகாக்கப்பட்டவை.

வியாபாரி உங்களிடம் காட்டிய 'சர்வதேசப் பட்டியலில் பச்சைக்கிளி இல்லை' என்ற தகவலில் பொய் இல்லை, ஆனால் அது பாதி உண்மை. சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் அந்தக் கிளி இல்லைதான். அந்த உடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான வணிகத்தைப் பற்றியது. நம் மண்ணின் பறவையை நம் சட்டம் தனியாகக் காக்கிறது. நீலம், மஞ்சள் நிறங்களில் 'ரிங்நெக்' என்று விற்கப்படுவதும் இதே இனம்தான் என்பதால், அதையும் தொடாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் பகுதியின் பனைகளில் கூடு வைக்கும் கிளிகளின் இனம் பெருக வேண்டுமானால் அதற்கு உங்கள் கூண்டு தேவையில்லை. பட்டுப்போன பனையை வெட்டாமல் விட்டால் போதும். ஊர்க்காரர் கையில் இருக்கும் குஞ்சுகளை வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

பதிவும் உரிமமும்

பெரிய கிளிகளுக்கு மட்டும்தான் 'பேப்பர்' தேவை என்ற உங்கள் எண்ணத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. சைட்டீஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்கள் இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பட்ஜி, காக்டெயில் என்ற கொண்டைக்கிளி, கண்வளையம் இல்லாத செம்முக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு இந்தப் பதிவு இல்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் ஃபிஷர் வகை பட்டியலின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அதாவது, நீங்கள் சாதாரணமாக எண்ணி வாங்கிய அந்தச் சின்னப் பறவைகளுக்கும் பதிவு வேண்டும். சன் கொன்யூர் என்ற மஞ்சள் நிறக் கிளிக்கும் அப்படியே. முதலில் தந்த ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது என்பதால், வாங்கிய ரசீதோடு வனக் கோட்ட அலுவலகத்துக்குச் சென்று, நீங்களாகவே விவரத்தைச் சொல்லி வழி கேளுங்கள். நான் மருத்துவன், விண்ணப்ப நுணுக்கங்களை அவர்களிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஆப்பிரிக்கன் கிரே இன்னொரு படி மேலே இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து அது சைட்டீஸின் முதல் பிரிவில் உள்ள இனம். அந்தப் பிரிவு இனங்களைக் கூண்டில் பெருக்குவதற்கு, தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தனி உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வியாபாரி தருவதாகச் சொல்லும் ஒற்றைத் தாள் ரசீது அதற்கு ஈடாகாது. இவை தவிர, வீட்டில் வைத்தே தொடர்ந்து விற்றாலும் 2018ஆம் ஆண்டுச் செல்லப்பிராணிக் கடை விதிகள் உங்களைக் கடைக்காரராகத்தான் பார்க்கும். மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவு அப்போது தேவைப்படும்.

வியாபாரியின் கணக்கு

பத்து ஜோடி, ஜோடிக்கு ஆறு குஞ்சு, ஆண்டுக்கு ஆறு ஈடு (ஒரு முறை முட்டையிட்டு அடைகாப்பது ஓர் ஈடு), மொத்தம் 360 குஞ்சு, தலைக்கு ஆயிரம் என்று அவர் போட்ட கணக்கில் பெருக்கல் சரிதான். பறவைதான் அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆண்டுக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் பெட்டையை முட்டையிட விட்டால் சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை வெளிவராமல் சிக்கி இறந்துபோகும். ஓய்வுக் காலத்தில் பானையையே எடுத்துவிட வேண்டும். ஜோடி சேராதவை, கூமுட்டை, இறப்பு எல்லாம் கழித்து, ஜோடிக்கு ஈடு ஒன்றுக்கு நான்கு குஞ்சு தேறினால் நீங்கள் நன்றாக வளர்க்கிறீர்கள் என்று பொருள். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 80 குஞ்சு. அவர் சொன்ன விலையே கிடைத்தாலும் மாதத்துக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. அதில் தீனி, மருந்து, கூண்டுச் செலவு போக வேண்டும். முதலாண்டில் அதுவும் வராது.

'குஞ்சுகளை நானே எடுத்துக்கொள்கிறேன்' என்ற பேச்சை நம் கொங்குப் பக்கம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு வளர்ப்பு சரிந்தபோது, திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் மறைந்தார்கள். தீனி போட வழியில்லாத விவசாயிகளும் பட்டினி கிடந்த பறவைகளும்தான் மிஞ்சினார்கள். உங்கள் வியாபாரியும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவரே ஒரே வாங்குபவராகவும் இருக்கும் தொழிலில், விலையைத் தீர்மானிக்கும் கை எது என்பதை மட்டும் யோசியுங்கள். கிரே கிளிக்காக நகையை அடகு வைப்பதை நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பேன். அது இனப்பெருக்கப் பருவத்துக்கு வரவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டதாலேயே அவை ஒத்துப்போய்விடாது. அடகுக் கடை வட்டி அதுவரை காத்திருக்காது.

மாமியாரின் மூச்சிரைப்பு

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்தச் செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கிரே, காக்டெயில் போன்ற கிளிகளின் உடலிலிருந்து மாவுபோன்ற இறகுத்தூள் ஓயாமல் உதிரும். பறவைத் தூளையும் காய்ந்த எச்சத் தூளையும் நெடுநாள் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் நுரையீரல் தடித்து, பழைய நிலைக்குத் திரும்பாது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சலும் உண்டு. அது சாதாரண நிமோனியா போலவே தோன்றும். ஆகவே, மாமியாரை நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பறவைகள் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் 'கூடாது' என்றால் இந்த யோசனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டியதுதான். அனுமதித்தாலும், கூண்டுகள் அவர் படுக்கும் அறைக்குக் காற்று வரும் திசையில் இருக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கார்த்திகையிலிருந்து மாசி வரை எப்படி வீசும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கூண்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்து முகக்கவசம் அணிந்து துடைத்தெடுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

மருத்துவர் ஒப்புக்கொண்டால், என் யோசனை இதுதான்: புதிதாக எதையும் வாங்காமல், இருக்கும் பட்ஜி ஜோடியை வைத்து ஓராண்டு கற்றுக்கொள்ளுங்கள். அவற்றின் வயது இப்போது பக்குவமாகிவிட்டது. படத்தில் ஒன்றின் மூக்குப் பகுதி நீலம், மற்றதன் மூக்குப் பகுதி பழுப்பு. ஆணும் பெண்ணும்தான், சந்தேகமில்லை. கூண்டைக் கிழக்குச் சுவரோரம், வெயில் நேராகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள். பானையோ மரப்பெட்டியோ, அடிப்பகுதி குழிந்திருக்க வேண்டும். தட்டையான தரையில்தான் குஞ்சுகளின் கால் விரிந்துபோகும்.

தீனியில் தினையும் சாமையும் பெரும்பங்கு இருக்கட்டும். சூரியகாந்தி விதை கொழுப்பு, அதைக் குறையுங்கள். முளைகட்டிய தானியம், முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை, குஞ்சு இருக்கும் நாட்களில் வேகவைத்த முட்டை ஆகியவை வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கடல்நுரை ஓடு கூண்டில் எப்போதும் தொங்க வேண்டும். பட்டர் ஃப்ரூட் என்று உங்கள் சந்தையில் கிடைக்கும் வெண்ணெய்ப்பழம் பறவைக்கு நஞ்சு. ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அடுப்பில் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். உங்கள் சமையலறைச் சன்னல் தாழ்வாரத்தைப் பார்த்து இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பெட்டை முட்டையிட்டு ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு வெளிவரும்; ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டையிடுவதால் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிக்கும், கடைக்குட்டி மிதிபடாமல் பார்க்க வேண்டும். ஐந்து வாரத்தில் அவை பானையை விட்டு வெளியே வரும். பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் குந்தி, வால் துடிக்க முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது என்று பொருள். வயிற்றை அழுத்தாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் உயிர் போகும். ஓர் அட்டைப்பெட்டியில் இளஞ்சூடும் ஈரப்பதமும் கொடுத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எங்கிருந்து பறவை வாங்கினாலும் 30 முதல் 45 நாள் வரை வேறு அறையில், வேறு பாத்திரங்களோடு தனித்து வையுங்கள். இறகுதிர் நோய்க்குக் காரணமான வைரஸ் ஒரு பறவையின் வழியே வந்து கூட்டத்தையே அழிக்கக்கூடியது. எல்லையோரத்தில் இருப்பதால் இன்னொரு கவலையும் உங்களுக்கு உண்டு. 2014, 2021, 2024 ஆண்டுகளில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது, வாளையாறு முதலிய சாவடிகளில் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் தமிழ்நாடு திருப்பி அனுப்பியது. 2020 மார்ச்சில் கோழிக்கோட்டில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி அழிக்கப்பட்டவற்றில் வீடுகளில் வளர்த்த அலங்காரப் பறவைகளும் இருந்தன. விற்பனைக்குப் பொள்ளாச்சியை மட்டுமே நம்பியிருந்தால் அந்த மாதங்களில் உங்கள் குஞ்சுகள் கூண்டிலேயே இருக்கும், தீனிச் செலவு மட்டும் நடக்கும்.

கடைசியாக, மகள் கேட்கச் சொன்ன கேள்வி: அந்த ஒன்பது முட்டைகளை எடுத்துவிடலாமா? இப்போது வேண்டாம். எடுத்தால் பெட்டைகள் மீண்டும் முட்டையிடத் தொடங்கி உடல் வற்றிப்போகும். ஃபிஷர் வகைக்கு அடைகாலம் 23 நாள் அளவில் இருக்கும். நான்கைந்து வாரம் உட்கார்ந்து சலித்து அவையாகவே எழுந்து போகும். உடைந்ததையும் நாற்றம் எடுத்ததையும் மட்டும் அப்புறப்படுத்தி, மற்றவற்றை அதுவரை அங்கேயே விட்டுவையுங்கள். இரண்டும் கூட்டுக்குத் திரும்பாமல் ஒரு வாரம் கழிந்ததும் பெட்டியையே வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு, சிறகுப் பரிசோதனை முடிவு வந்த பின் எழுதுங்கள்.